மருந்துத் துண்டைப் பார்க்க இன்னொரு கண்



இடம்பெயரும் குடும்பம் இழப்பது நெல்லையும் மாட்டையும் மட்டுமல்ல. கிளினிக் கொப்பியும் தொலைந்துவிடுகிறது. 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் கிளிவெட்டி முகாமுக்கு வந்தவர்கள் இதை அறிவார்கள். முகாமில் ஒரு வைத்தியர், மூதூரில் ஒருவர், திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் இன்னொருவர் என்று ஒவ்வொருவரும் மருந்து எழுதினர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

ஓர் உதாரணம். பிரஷருக்கு லொசார்டன் குடிக்கும் ஒருவர், நாரி நோவுக்குக் கடையில் டைக்ளோபெனக் வாங்கிக் குடிக்கிறார். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், பிரஷரும் கூடலாம். அதேபோல, பனடோலும் பரசிற்றமோலும் ஒரே மருந்து. பெயர் வேறென்று எண்ணி இரண்டையும் அளவுக்கு மேல் குடித்தால் ஈரல் கெடும். மருந்தை அதன் பொதுப்பெயரால் எழுத வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் தலைமையில் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது.

இலங்கையின் பெரிய வைத்தியசாலை ஒன்றில், மருந்தாளர்கள் வாட்டுக்கே சென்று நோயாளருடன் பேசி, தவறு கண்டால் வைத்தியருக்குச் சொன்னார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆறு மாதத்துள் மருந்துப் பிரச்சினையால் திரும்பி வந்தோர், இந்தக் கவனிப்புப் பெறாத நோயாளரில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர். பெற்றவர்களில் ஏறக்குறைய 10 பேர்.

எல்லா வாட்டுக்கும் மருந்தாளர் இல்லை. ஆனால் மாணவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் மருந்தாளர் பட்டப்படிப்பு உண்டு. இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஆறாண்டுப் படிப்பில் கடைசி ஆண்டு முழுவதும் வைத்தியசாலைப் பயிற்சிதான். மாணவர் மருந்தை மாற்றுவதில்லை. கட்டிலருகில் இருந்து பொறுமையாகக் கேட்பார், எழுதுவார், ஆசிரியர் மூலம் வைத்தியருக்கு அறிவிப்பார். அவசரத்தில் இருக்கும் வைத்தியருக்கு அது இன்னொரு கண்.

ஆனால் நாம் சொல்லாததை அவரும் அறியமாட்டார். ஆகவே:

1. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், நாட்டு மருந்தையும், ஒரே பையில் போட்டுக் கிளினிக்குக் கொண்டுபோவோம்.
2. கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் உறையில் வைப்போம்.
3. ஒவ்வாத மருந்தின் பெயரைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுவிப்போம்.

சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் வைத்தியரோடு மருந்து செய்பவரையும் நினைவுகூர்கிறது. குணமாக்கும் பணி ஒருவர் கையில் மட்டும் இல்லை.

குழுவில் பேசுவோம்: நம் வீட்டில் யார் எத்தனை மருந்து குடிக்கிறார்? எது எதற்கென்று தெரியுமா? மாணவர்களை நம் வைத்தியசாலைக்கும் அனுப்பும்படி சங்கத்தின் மூலம் யாரிடம் கேட்கலாம்?