கரிசல் ஓயும் மாதங்களில் காட்டுப் பாதை வேலை: கேட்பது எப்படி, கூலியைக் காப்பது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசிக்குள் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்துவிடும். அதன் பிறகு அடுத்த மழை வரைக்கும் மானாவாரி நிலத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேலை இருக்காது. தறி, கட்டட வேலை, பட்டாசு ஆலை, ஊரக வேலைத் திட்டம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் கிளம்பிவிடுகிறோம்.

நம்ம மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மலைக்காட்டிலும் இதே மாதங்களில் பருவ வேலை நடக்கிறது. நடைபாதையைச் சீராக்குவது, தீத்தடுப்புக் கோடு எடுப்பது, மக்கள் வந்து போகும் இடங்களைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகள்தான் அவை. இந்த வேலை யாரிடம் இருக்கிறது, செல்போனில் வரும் செய்தி உண்மையா என்று எப்படிச் சோதிப்பது, செய்த வேலைக்குக் கணக்கு எப்படி வைத்துக்கொள்வது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. எந்தக் காடு?

ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் அமைக்கப்பட்டது. இதையும் மேகமலைக் காட்டையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

வத்திராயிருப்பு அருகே தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஏறும் மலைப்பாதை இந்தக் காட்டுக்குள்தான் போகிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். இதோடு, வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளுடன் தொடங்கியது. அதில் விருதுநகர் மாவட்டமும் உண்டு. ஆள் நடக்கும் பாதை என்றால் அதைப் பராமரிக்கவும் ஆள் வேண்டும்.

2. எந்த மாதம் என்ன வேலை?

• மார்கழி, தை: வடகிழக்குப் பருவமழை அரித்த இடங்களைச் சரிசெய்வது. பாதையில் தண்ணீர் ஓடினால் மண் போய்விடும். அதனால் குறுக்கே கல் பதித்து, தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்கிவிடுவார்கள். விழுந்த மரத்தை அகற்றுவது, கல்படிகளைத் திரும்ப இறுக்குவது எல்லாம் இப்போதுதான்.

• தை, மாசி: தீத்தடுப்புக் கோடு. காட்டின் குறுக்கே நீளமான பட்டையாகப் புல், சருகு, புதர் எல்லாவற்றையும் அகற்றி வெறும் மண்ணாக வைப்பது. தீ வந்தால் தாண்ட விடாமல் நிறுத்தும் இடம் அது.

• மாசி முதல் வைகாசி வரை: தீத்தடுப்புக் காவல். புகை தெரிகிறதா என்று பார்ப்பது, தகவல் சொல்வது, அணைக்கும் குழுவோடு போவது. 2025-ல் மலையேற்றப் பாதைகளைப் பிப்ரவரி நடுவில் மூடி, ஏப்ரல் நடுவில்தான் திறந்தார்கள்.

• ஆனி, ஆடி: சதுரகிரித் திருவிழாவுக்கு முன் பாதை சீரமைப்பு, குடிநீர், கழிப்பறை, தடுப்புக் கயிறு. திருவிழா முடிந்ததும் குப்பை அள்ளுவது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், கூட்டம் கலைந்த பிறகு பொறுக்க வேண்டியது இருக்கத்தான் செய்கிறது.

ஆனி, ஆடியில் கரிசல் முழுக்கச் சும்மா கிடக்கும். ஆகவே நம்ம பகுதி ஆட்களுக்கு ஒத்துவரக்கூடிய பருவம் அதுதான். தை மாத வேலை அறுவடையோடு மோதும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. வேலை யாரிடம் இருக்கிறது?

மூன்று வழிகளில் ஆள் எடுப்பார்கள். வனச்சரக அலுவலகம் நேரடியாகத் தினக்கூலிக்குக் கூப்பிடலாம். மலையடிவாரத்துச் சூழல் மேம்பாட்டுக் குழு அல்லது கிராம வனக்குழு மூலமாக வேலை கொடுக்கலாம். கட்டுமானம், துப்புரவு போன்ற வேலைகள் ஒப்பந்ததாரர் கைக்குப் போகலாம். கோயில் சார்ந்த ஏற்பாடுகளை இந்து சமய அறநிலையத் துறை பார்த்துக்கொள்கிறது.

பெரும்பாலும் அடிவாரத்து ஊர்க்காரர்களையும் பளியர் குடியிருப்பு மக்களையும்தான் முதலில் கூப்பிடுவார்கள். அது நியாயமும்கூட. காட்டை அறிந்தவர்கள் அவர்கள். காப்பகத்தால் வரும் கட்டுப்பாடுகளைத் தினமும் தாங்குபவர்களும் அவர்களே. ஆகவே திருச்சுழியிலிருந்து பஸ் ஏறுவதற்கு முன்னால், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வனச்சரக அலுவலகங்களுக்குப் போன் செய்து, 'ஆள் எடுக்கிறீங்களா, நாள் கூலி எவ்வளவு, எத்தனை நாள், தங்க இடம் உண்டா' என்று கேட்டுவிடுங்கள். போன் எண்ணை வனத்துறை அல்லது மாவட்ட இணையதளத்தில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை நம்ப வேண்டாம்.

4. பருவ வேலை வேறு, அரசுப் பணி வேறு

இந்த இரண்டையும் கலந்து பேசித்தான் பலர் ஏமாற்றுகிறார்கள். பருவ வேலைக்குத் தேர்வு கிடையாது, நிரந்தரமும் கிடையாது. வனக்காப்பாளர், வனக்காவலர் ஆகிய நிரந்தரப் பணியிடங்கள் 2024 முதல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வோடு சேர்க்கப்பட்டன. அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு, நடைத் தேர்வும் உண்டு: 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும். கட்டணம் எதுவானாலும் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் மட்டுமே கட்ட வேண்டும்.

இப்போது ஒரு மாதிரிச் செய்தியைச் சோதித்துப் பார்ப்போம்:

'வனத்துறையில் உடனடி வேலை. தேர்வு இல்லை. மாதம் நல்ல சம்பளம். ஆறு மாதத்தில் நிரந்தரம். சீருடைக்கு மட்டும் 2,500 ரூபாய் ஜிபே செய்யவும். இன்றே கடைசி நாள்.'

இதில் நான்கு தவறுகள் இருக்கின்றன. தேர்வு இல்லாமல் நிரந்தரம் ஆகாது. வேலை கொடுப்பவர் ஆளிடம் பணம் கேட்கக் கூடாது. அரசுப் பணம் தனிநபர் ஜிபே எண்ணுக்குப் போகாது. 'இன்றே கடைசி' என்பது நீங்கள் விசாரிக்காமல் இருப்பதற்காகச் சொல்வது. லிங்க் இருந்தால் முகவரியின் முடிவைப் பாருங்கள்: அரசு தளங்கள் பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

5. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

• ஆதார், வங்கிப் புத்தகம், ஆதாரோடு இணைந்த செல்போன் எண். எந்த வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது என்பதை 'மை ஆதார்' தளத்தில் பார்க்கலாம். பழைய கணக்கு முடங்கிக் கிடந்தால் கூலி அங்கே போய் நின்றுவிடும்.

• இ-ஷ்ரம் பதிவு. 2021 ஆகஸ்ட் 26 முதல் நடக்கும் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு இது. 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். கட்டணம் இல்லை. 12 இலக்க எண் கிடைக்கும்.

• தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு. ஏற்கெனவே இருந்தால் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள்.

ஊரக வேலைத் திட்டத்தில் பெயர் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே நாளில் இரண்டு இடத்திலும் வருகை விழக் கூடாது.

6. கணக்கு உங்கள் கையில்

காட்டுக்குள் டவர் இருக்காது. ஆகவே செல்போனை மட்டும் நம்பாமல் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மேற்பார்த்தவர் யார் என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். அடிவாரம் வந்ததும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவாகிவிடும். எழுத வராதவர்கள் வாய்ஸ் மெசேஜ் போட்டாலே போதும்.

கூலி எப்போது வர வேண்டும்? ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, தினக்கூலி என்றால் அன்றைய வேலை முடிந்ததும். வாரக் கூலி என்றால் வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில். மாதக் கூலி என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1976 முதலே சட்டம். 'பொம்பளை ஆளுக்கு இவ்வளவுதான்' என்று யார் சொன்னாலும் அது செல்லாது.

7. கூலியைவிட உயிர் பெரிது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2015 மே மாதம் சதுரகிரியில் ஓடையில் வந்த திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது.

• தீ எப்போதும் மேட்டை நோக்கி வேகமாக ஏறும். தீக்கு மேல்புறச் சரிவில் நிற்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து ஓய்ந்த இடம் அல்லது வெறும் பாறைப் பக்கம் ஒதுங்குங்கள்.

• நைலான், பாலியஸ்டர் உடை உடம்போடு உருகி ஒட்டும். பருத்திச் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ போடுங்கள்.

• ஓடைத் தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் கடக்காதீர்கள். கரையேறிக் காத்திருங்கள்.

• தனியாகப் போக வேண்டாம். பீடி, தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் நுழைவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; வேலைக்கு வந்தவர்களும் சொன்ன பாதையை விட்டு விலகக் கூடாது.

• பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். டவர் கிடைத்ததும் 108.

வேலைக்குப் போன இடத்தில் அடிபட்டால் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே காட்டுத்தீயைக் கட்டுப்படுத்தும் வேலை இடம்பெற்றிருந்தது. ஒப்பந்ததாரர் கீழ் போனவர்களும் மருத்துவச் சீட்டு, வருகைக் குறிப்பு இரண்டையும் பத்திரமாக வைத்து, தாமதிக்காமல் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள்.

8. கூலி வரவில்லையா?

முதலில் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் 1100-க்குப் போன் செய்து முதல்வரின் முகவரித் துறையில் பதிவு செய்யுங்கள்; மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர்க் கூட்டமும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் நோட்டும் அந்தப் பதிவேடும் ஒத்துப்போனால் உங்கள் பேச்சுக்கு வலு கூடும்.

பயிற்சி

இன்றைக்கே செய்து பாருங்கள். ஒன்று: மை ஆதார் தளத்தில் உங்கள் வங்கி இணைப்பு எது என்று பாருங்கள். இரண்டு: உங்கள் வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த வேலைச் செய்தியை எடுத்து, அதில் பணம் கேட்கிறார்களா, எந்த அலுவலகம் என்று போட்டிருக்கிறதா, அந்த அலுவலகத்து எண் இணையதளத்தில் இருக்கிறதா என்று மூன்றையும் சோதியுங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் அதை அடுத்தவருக்கு ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.