நீர்வாழ் உயிர்களும் ஊர்ப் பதிவேடும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

காவிரி நீர் நெல்லுக்கே உரியது என எண்ணிப் பழகியவர்கள் நாம். அது விராலுக்கும் கெளுத்திக்கும் நத்தைக்கும் நண்டுக்கும் உரியது என்பதை விலங்கியல் மாணவன் என்ற முறையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எங்கள் பூதலூர்ப் பக்கம் ஓடும் கல்லணைக் கால்வாயை மக்கள் 'புது ஆறு' என்பர். இது 1934 இல் திறக்கப்பட்டது. கோடையில் தண்ணீர் நின்றதும், மண்தரைப் பள்ளங்களில் தேங்கும் நீரே மீன்களின் புகலிடம். விராலும் குரவையும் காற்றை நேரே சுவாசிக்க வல்லவை. ஈரச் சேறு இருந்தால் நீர் வற்றிய பின்னும் குரவை சில காலம் உயிர் தாங்கும். தரைவழியே கசியும் நீர் கிணறுகளுக்கும் ஊற்றாகிறது.

இக்கால்வாயைப் புதுப்பிக்கும் சுமார் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு, பெருந்தொற்றுக் காலமான 2021 பிப்ரவரி 14 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கடைமடைக்கு நீர் சேர வேண்டும் என்ற அதன் நோக்கம் நியாயமானதே. ஆயினும் தரையிலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் குறையும் என விவசாயிகள் எதிர்த்தனர். கிணற்றுக்காகப் பேச உழவர் இருந்தனர். குரவைக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? 1971 இன் ராம்சர் உடன்படிக்கை நெல்வயலையும் ஈரநில வகைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. நம் நாட்டின் 2017 ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ ஆற்றுப் படுகை, நெல்வயல், பாசனத்திற்கென அமைத்த நீர்நிலை ஆகியவற்றை விலக்கிவிட்டன. தஞ்சைத் தரணியில் பின் எஞ்சுவது என்ன?

எனினும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2002 ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். மக்களைக் கலந்து, ஊரின் உயிரினங்களைப் பதிவேட்டில் எழுதுவது அக்குழுவின் கடமை. வயலும் வாய்க்காலும் அதில் இடம்பெறத் தடையில்லை. இதனை முடிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த கெடு 2020 ஜனவரி 31. அடுத்த இரண்டு மாதங்களுக்குள் ஊரடங்கு வந்தது.

அவ்வாண்டு மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் தமிழகத்தில் கிராமசபைகள் கூடவில்லை. மார்ச் 23 நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 இல் ஆணையிட வேண்டியதாயிற்று. நோய் பரவும்போது கூட்டத்தைத் தவிர்ப்பது அவசியமே. ஆனால் ஊர் கூட முடியாத காலத்தில் ஊருக்காகப் பேசுவது எது? முன்னரே எழுதி வைத்த பதிவேடுதான். பதிவேடு தானே ஒரு வேலையை நிறுத்திவிடாது. ஆனால் 'இங்கே என்ன இருந்தது?' என்ற கேள்விக்கு அது சான்றாக நிற்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்தறியாத என் அப்பாயி, வாய்க்கால் மீன்களின் பெயர்களையும் புதுத்தண்ணீரில் எது முதலில் ஏறும் என்பதையும் தடையின்றிச் சொல்வார். நான் அவற்றின் அறிவியற்பெயர்களைக் கற்றிருக்கிறேன். இவ்விரண்டு அறிவும் ஒரே ஏட்டில் சேர வேண்டும். மாணவ நண்பர்களே, விடுமுறையில் அவரவர் ஊராட்சியில் இப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படிப்போம். விடுபட்டவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதித் தருவோம். அடுத்த பேரிடர் நமக்குச் சொல்லிவிட்டு வராது.