கலங்கின நேரத்திலும் கதவை மூடாதிருங்கள்

வேதபாடம்

வாசிக்கவேண்டிய பகுதி: மத்தேயு 14:10-23
கூட வாசிக்க: ஆதியாகமம் 40:1-8; 1 இராஜாக்கள் 19:1-8; 2 கொரிந்தியர் 1:3-7



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கினவர்களை இராணுவத்தார் படகில் வந்து மீட்டார்கள். அதற்கு முன் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல். அதற்கும் முன் 2004 டிசம்பர் 26 சுனாமி. இவையெல்லாம் ஊரறிந்த துக்கங்கள். அப்படிப்பட்ட நாளில் சோற்றுப் பொட்டலமும் வரும், போர்வையும் வரும், விசாரிக்க ஆளும் வரும்.

ஆனால் ஒருவரும் படகெடுத்து வராத வெள்ளமும் உண்டு. ஏ.எஃப்.டி. மில் 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டபோது அதையே நம்பியிருந்த குடும்பங்களின் கலக்கம் எத்தனை பேருக்குத் தெரிந்தது? பிள்ளைகள் பிரான்சில், பெரிய வீட்டில் தாத்தாவும் பாட்டியும் தனியே, பேச்சுத்துணைக்கு டி.வி. மட்டும். இப்படி எத்தனை வீடுகள் நம் ஊரில்! தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தற்கொலையால் இறந்தவர்கள் நாடு முழுவதற்கும் லட்சத்துக்கு 10.6 பேர். நம் புதுச்சேரியிலோ லட்சத்துக்கு 43.2 பேர். அந்த வருஷம் இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். இந்த எண்ணை வாசித்துவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடாதீர்கள். அது நம் தெரு.

இப்போது ஒரு கேள்வி. "எனக்கே ஆயிரம் பாரம் இருக்கு பிரதர், இதுல அடுத்தவங்க பாரத்தை எங்கே தூக்குறது?" என்று விசுவாசிகளே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சந்தோஷமாக இருக்கும்போது இரக்கம் காட்டுவது லேசு. நம் நெஞ்சமே நொறுங்கிக் கிடக்கும்போது என்ன செய்வது? இதற்கு நம் ஆண்டவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு நாளை எடுத்து ஆராய்வோம்.

1. ஆண்டவர் துக்கத்தை மறைக்கவில்லை (வச. 12, 13)

யோவான் ஸ்நானன் யார்? ஆண்டவருக்கு உறவுக்காரர், மரியாளுக்கு எலிசபெத்து இனத்தாள் என்று லூக்கா 1:36 சொல்லுகிறது. யோர்தானில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். அப்படிப்பட்ட பரிசுத்தவானுடைய தலை, ஒரு ராஜாவின் பிறந்தநாள் விருந்தில், ஒரு பெண்ணின் நடனத்துக்குப் பரிசாகத் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது. சீஷர்கள் உடலை அடக்கம்பண்ணிவிட்டு வந்து இயேசுவுக்குச் சொன்னார்கள்.

கேட்டவுடன் அவர் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணினாரா? "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிச் சிரித்தாரா? இல்லை. படகேறி, வனாந்தரமான ஓர் இடத்துக்குத் தனியே போனார்.

தேவபிள்ளையே, விசுவாசி அழக்கூடாது என்று உனக்கு யார் சொன்னது? சாவு விழுந்த வீட்டில் மூன்றாம் நாளே "இன்னும் அழுதுகிட்டே இருக்கீங்களே, விசுவாசம் எங்கே?" என்று கேட்கிறவர்கள் இந்த வசனத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கட்டும். பிதாவின் குமாரனுக்கே தனிமை வேண்டியிருந்தது. துக்கத்துக்கு இடம் கொடுக்காதவன் பிறருடைய துக்கத்தையும் அவசரமாக மூடப் பார்ப்பான். தன் காயத்தைக் கர்த்தருடைய சமுகத்தில் திறந்து காட்டுகிறவனுக்கே மற்றவனுடைய காயம் கண்ணில் படும்.

2. ஆண்டவர் கண்டார், மனதுருகினார் (வச. 14)

படகு கரை சேருகிறது. அங்கே தனிமை இல்லை, பெருங்கூட்டம்! பட்டணங்களிலிருந்து கால்நடையாகவே வந்து நிற்கிறார்கள். நாமாயிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "இன்னைக்கு ஒரு நாளாவது என்னை விடுங்களேன்!" என்றிருப்போம்.

ஆண்டவரோ அவர்களைக் கண்டு மனதுருகினார். வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கினார். மூல பாஷையாகிய கிரேக்கில் இந்த இடத்திலுள்ள சொல், வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "பெத்த வயிறு துடிக்குது," "அடிவயிறு கலங்கிப்போச்சு" என்கிறார்களே, அதுதான்! ஏற்கெனவே துக்கத்தால் கலங்கியிருந்த அதே உள்ளம்தான் இந்த ஜனங்களுக்காகவும் கலங்கினது.

இதைப் போலவே யோசேப்பைப் பாருங்கள் (ஆதி. 40). செய்யாத குற்றத்துக்குச் சிறை. அண்ணன்மார் விற்றுப்போட்டார்கள், எஜமான் சிறையில் அடைத்தான். ஆனாலும் காலையில் வந்தபோது, உடனிருந்த இரண்டு பேருடைய முகம் வாடியிருந்ததைக் கவனித்து, காரணம் கேட்டான். அவ்வளவுதான் செய்தான்! "ஏம்பா, இன்னைக்கு முகம் ஒரு மாதிரியா இருக்கே?" பெரிய ஊழியமில்லை, மேடையில்லை, மைக்கில்லை. சிறையில் கிடக்கிறவன் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்தான். அந்தக் கேள்வியிலிருந்துதான் இரண்டு வருஷம் கழித்து அவனுடைய சிறைக்கதவும் திறந்தது, எகிப்தின் களஞ்சியமும் திறந்தது.

வேதனை நம்மைக் குருடாக்கும். "என் கஷ்டம் மாதிரி யாருக்கு வரும்?" என்கிற எண்ணம் கண்ணில் கட்டின துணி மாதிரி. அந்தத் துணியை அவிழ்க்கப் பெரிய பலம் வேண்டாம். ஒரு முகத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

3. கையில் இருந்ததைத்தான் கேட்டார் (வச. 15-21)

சாயங்காலமானது. ஜனங்களை அனுப்பிவிடலாம் என்றார்கள் சீஷர்கள். நீங்களே அவர்களுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றார் ஆண்டவர். இருந்தது ஐந்து அப்பம், இரண்டு மீன். ஐயாயிரம் புருஷர்! அவர்களும் தங்கள் ஊழியத்தில் களைத்து, சாப்பிடவும் நேரமில்லாமல் இருந்தவர்கள் என்று மாற்கு 6:31 காட்டுகிறது. அந்தக் களைத்த கைகளில்தான் அப்பம் பெருகினது. களைத்தவர்களும் கடைசியில் பன்னிரண்டு கூடை எடுத்தார்கள்.

பலம் வந்தபிறகு உதவலாம் என்று காத்திருக்கிறவன் காத்துக்கொண்டே இருப்பான். இன்றைக்கு உன் கையில் என்ன இருக்கிறது? ஒரு டம்ளர் காபியா? மின்சாரமில்லாத நாளில் பக்கத்து வீட்டு போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுக்க முடியுமா? கோரிமேடு ஜிப்மரில் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்கிற வயதானவருக்குத் துணையாக நிற்க முடியுமா? "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க முடியுமா? அதைக் கொடு. மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

நம் தேசத்திலிருந்து ஒரு சாட்சி

பண்டித ரமாபாயைப் பலர் அறிவோம். 1858-ல் பிறந்தவர். 1870-களின் பஞ்சத்தில் தகப்பன், தாய், அக்காள் மூவரையும் தென்னிந்திய மண்ணில் பறிகொடுத்தார். பசியோடு அண்ணனும் தங்கையுமாக நாடெங்கும் நடந்தார்கள். 1880-ல் அந்த அண்ணனும் இறந்தார். அதே வருஷம் கல்யாணம். 1882-ல் கணவர் காலராவில் மரித்தார். கையில் பச்சைக் குழந்தை. வயது இருபத்து நான்குகூட நிரம்பவில்லை! "என் பங்குக்குப் பட்டாச்சு, இனி என்னை விட்டுடுங்க" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருந்ததென்றால் அது இந்த அம்மாவுக்குத்தான்.

அப்படிச் சொன்னாரா? 1889-ல் பம்பாயில் விதவைப் பெண்களுக்கென்று சாரதா சதனத்தைத் திறந்தார். 1896-97-ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் என்று கேள்விப்பட்டபோது, தான் சிறுபெண்ணாய்ப் பட்ட பசி அவருக்கு நினைவு வந்தது. அந்த நினைவு மற்றவர்களைக் கதவை மூடவைத்திருக்கும், அவரை ரயிலேறவைத்தது. சுமார் 300 பெண்களையும் சிறுமிகளையும் பூனாவுக்கு அருகே கேட்காவுக்கு அழைத்து வந்தார். 1900-க்குள் அங்கிருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்த இடந்தான் முக்தி.

பிரியமானவர்களே, எழுப்புதல் வேண்டும், எழுப்புதல் வேண்டும் என்று நாம் உபவாசிக்கிறோம். 1905-ல் இந்தியாவை அசைத்த முக்தி எழுப்புதல் எங்கே இறங்கினது? பஞ்சத்தில் பொறுக்கியெடுத்த பெண்பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருந்த வீட்டில்! பெற்றோரை இழந்த ஒரு பெண், பெற்றோரற்ற பிள்ளைகளுக்குத் திறந்துவைத்த கதவு வழியாக அக்கினி உள்ளே வந்தது. 1921-ல் தன் ஒரே மகள் மனோரமாவையும் அடக்கம்பண்ணினார். ஆனாலும் மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பைக் கைவிடவில்லை. 1922 ஏப்ரலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நம் காலத்திலேயே இன்னொருவர் உண்டு. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸும், பிலிப், திமோத்தி என்ற இரண்டு மகன்களும் ஜீப்போடு எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் அம்மையார் அழாமலிருந்தாரா? அழுதார். ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உடனே போய்விடவில்லை. மகள் எஸ்தரோடு பாரிபதாவிலேயே தங்கி, 2004 வரை தொழுநோயாளிகளைப் பராமரித்தார். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். 2005-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

பவுல் எழுதுகிற இரகசியம் இதுதான் (2 கொரி. 1:3-7). தேவன் நமக்குத் தருகிற ஆறுதல் நம்மோடு தேங்கி நிற்பதற்கல்ல. அதே மாதிரி உபத்திரவத்தில் இருக்கிற அடுத்தவனுக்குப் பாய்வதற்கு.

4. மறுபடியும் மலைக்குப் போனார் (வச. 22, 23)

இந்த வசனத்தை அநேகர் கவனிப்பதில்லை. கூட்டத்தைப் போஷித்தபின் ஆண்டவர் என்ன செய்தார்? சீஷரைப் படகில் அனுப்பினார், ஜனங்களையும் அனுப்பிவிட்டார், தனித்து ஜெபிக்க மலையேறினார். காலையில் தேடிப்போன தனிமையை இரவில் எடுத்துக்கொண்டார். துக்கத்தை நடுவில் நிறுத்தி ஜனங்களைக் கவனித்தாரே தவிர, துக்கத்தை ரத்துசெய்யவில்லை.

ஆகவே, "எல்லாருக்கும் எப்போதும் ஓடவேண்டும்" என்பது இந்தப் பாடமல்ல. சிலர் தங்கள் வேதனையை மறக்கவே ஊழியம் ஊழியமென்று ஓடுகிறார்கள், ஒருநாள் விழுந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனில் யுத்தம், விபத்து, கொலை என்று பார்த்துக்கொண்டே இருந்து, காலையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லவும் தெம்பில்லாமல் எழுகிறார்கள். உலகத்தின் துக்கமெல்லாம் சுமக்க நாம் இரட்சகர் அல்ல. நம் முன்னால் கரையில் நிற்கிற ஜனத்துக்குத்தான் நாம் பொறுப்பு.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், சாகவேண்டும் என்று கேட்டான் (1 இரா. 19). கர்த்தர் அவனைத் திட்டினாரா? தூதனை அனுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். தூங்கவிட்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தார். அதற்குப் பிறகே பிரயாணம், அதற்கும் பிறகே ஊழியம். சாப்பாடும் தூக்கமும்கூடத் தேவனுடைய மருந்துதான்!

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால், ஜெபத்தோடுகூட மருத்துவரிடமும் போங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். சபையில் யாராவது "செத்துடலாம்னு இருக்கு" என்று சொன்னால் வசனத்தை வீசிவிட்டு நகராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பேசவிடுங்கள். தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள். அந்த 43.2 என்ற எண்ணைக் குறைக்கிற ஊழியம் அங்கேதான் தொடங்கும்.

நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம்

1. என் துக்கத்தைத் தேவசமுகத்தில் கொட்டினேனா, அல்லது சபையில் சிரித்துவிட்டு வீட்டில் புழுங்குகிறேனா?
2. இந்த வாரம் நான் யாருடைய முகத்தை நின்று கவனித்தேன்?
3. நான் தேறின துக்கம் எது? அதே துக்கத்தில் இப்போது இருக்கிறவர் என் தெருவில் யார்?
4. எனக்கென்று ஒரு மலை, ஒரு தனி நேரம் இருக்கிறதா?

குடும்பமாக உட்கார்ந்து இந்த நான்கையும் பேசுங்கள். மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால், ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே போய்க் கதவைத் தட்டுங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, போய் உட்காருங்கள்.

ஜெபம்

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் உள்ளம் கலங்கியிருக்கிறதை நீர் அறிந்திருக்கிறீர். எங்கள் கண்ணீரை உம்மிடத்தில் மறைக்காதிருக்கக் கிருபை தாரும். எங்கள் காயங்கள் எங்களைக் கல்லாக்கிவிடாதபடி காத்துக்கொள்ளும். எங்கள் தெருவில், எங்கள் ஊரில், ஒருவரும் விசாரிக்காத வீடுகளை எங்களுக்குக் காட்டும். கையிலிருக்கிற கொஞ்சத்தைக் கொடுக்க மனதைத் தாரும். களைத்துப்போகும்போது உம்முடைய மலைக்கு எங்களை அழைத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.