காமிராவிலிருந்து கணினிக்குப் படங்களை இறக்கும் முறை



கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் நம் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் இது பற்றியதே. நம் முன்னோர் நாள்வழியிலும் பேரேட்டிலும் எழுதினார்கள். இக்காலத்திலோ எழுத்தோடு படமும் சேர்ந்துகொண்டது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து வந்த கன்டெய்னரைத் திறக்கிறோம். ஜவுளிச் சிப்பங்கள் நனைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதே எடுத்த படம் இருந்தால் இன்ஷூரன்ஸ்காரரிடம் பேச நமக்கு வாயுண்டு. இல்லையேல் நஷ்டம் நம்முடையதே.

உருவப்படம் பற்றி ஆட்சேபமுள்ள அன்பர்கள் உண்டு. இங்கே நாம் பேசுவது சரக்கையும் சீட்டையும் பத்திரத்தையும் பற்றித்தான். கைப்பேசி இருக்கக் காமிரா எதற்கு என்பாரும் உண்டு. துணியின் நெசவையும் நகையின் வேலைப்பாட்டையும் நல்ல காமிராவில் எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

நிற்க. எடுத்த படம் காமிராவிலேயே கிடந்தால் அது பாதிப் பத்திரம்தான். அதைக் கணினிக்குக் கொண்டுபோகும் வேளையில்தான் பெரும்பாலும் படங்கள் தொலைகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஆற்றில் கப்பல் சரக்கை இறக்கிக் கரை சேர்த்த தோணிக்காரர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களே. பின்னர் அத்தொழில் சீனர் கைக்குப் போயிற்று. 1983-இல் தொங்கான்கள் அந்த ஆற்றை விட்டே அகற்றப்பட்டன. அந்தக் கரையில் மூட்டை சுமந்தவர்களுக்கு மூட்டைக்கு ஒரு குச்சி கொடுத்துக் கணக்குப் பார்க்கும் வழக்கம் இருந்தது. குச்சியை எண்ணினால் மூட்டையின் கணக்கு வந்துவிடும். படம் இறக்குவதும் அதே வேலைதான். இறங்கியதை எண்ணிப் பார்த்த பிறகே தோணியை அனுப்ப வேண்டும்.

இறக்குவதற்கு வழிகள் பல. காமிராவைக் கம்பியால் கணினியோடு இணைக்கலாம். புதிய காமிராக்கள் கம்பியில்லாமலும் அனுப்பும். கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் செருகுவதையே நாம் சிபாரிசு செய்கிறோம். கம்பி வழியாக இறக்கும்போது பாதியில் காமிராவின் பாட்டரி தீர்ந்துபோனால் வேலை கெடும். ரீடருக்குப் பாட்டரி வேண்டியதில்லை. ஒன்று மாத்திரம் கவனிக்க: பழைய ரீடர்கள் பல 32 ஜி.பி. வரையுள்ள கார்டுகளைத்தான் படிக்கும். 64 ஜி.பி. கார்டைச் செருகிவிட்டுக் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கெட்டது கார்டன்று, ரீடர் பழையது.

காமிராவை அணைத்த பிறகே கார்டை எடுக்க வேண்டும். சாதாரண எஸ்.டி. கார்டின் இடப்பக்க விளிம்பில் ஒரு சிறு தாழ் உண்டு. அதைக் கீழே தள்ளிவிட்டால் கார்டு பூட்டப்பட்டது. அதன்மேல் எழுதவோ அதிலிருந்து அழிக்கவோ கணினி இடம் கொடுக்காது. கடைப் பையன் தவறிப் பொத்தானை அழுத்தினாலும் பயமில்லை. இந்தச் சிறு தாழை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

கார்டைத் திறந்தால் டி.சி.ஐ.எம். என்றொரு கோப்புறை தெரியும். எந்தக் கம்பெனிக் காமிராவானாலும் பெயர் இதுதான். அதனுள் 100, 101 என எண்ணில் தொடங்கும் கோப்புறைகள் இருக்கும். முதலாவதை மட்டும் நகலெடுத்துவிட்டு, ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று எழுந்துவிடுவோர் உண்டு. எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

கணினியில் ஒரு புதிய கோப்புறை உண்டாக்கி, ஆண்டு, மாதம், தேதி, விஷயம் என்ற வரிசையில் பெயரிடுக: ‘2025-03-14 நனைந்த சிப்பங்கள்’ என்பதுபோல. ஆண்டை முன்னே வைத்தால் கோப்புறைகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். தேதியை முன்னே வைத்தாலோ ஜனவரியும் டிசம்பரும் கலந்துவிடும்.

இனி முக்கியமான இடம். கணினியில் ‘காப்பி’ என்றும் ‘கட்’ என்றும் இரண்டு கட்டளைகள் உண்டு. முன்னது நகலெடுக்கும், மூலம் கார்டிலேயே இருக்கும். பின்னது நகலெடுத்த கையோடு மூலத்தை அழித்துவிடும். நகல் சரியாக வந்ததா என்று பார்க்க நமக்கு அவகாசம் தராது. ஆகவே எப்போதும் காப்பியே செய்ய வேண்டும். படம் இறக்கும் செயலிகள் சிலவற்றில் ‘இறக்கிய பின் கார்டில் அழித்துவிடு’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

நகல் முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். கார்டிலுள்ள படங்கள் அனைத்தையும் தேர்ந்து, சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி ‘ப்ராப்பர்டீஸ்’ என்பதைத் திறந்தால் எத்தனை கோப்புகள், எத்தனை பைட்டுகள் என்று காட்டும். கணினியிலுள்ள நகலுக்கும் அவ்வாறே பார்க்கவும். கோப்புகளின் எண்ணிக்கையும் பைட்டுக் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும். அதன் கீழேயே ‘வட்டில் பிடிக்கும் இடம்’ என்று இன்னொரு கணக்கு வரும். அது கார்டிலும் கணினியிலும் வேறுபடலாம். இரண்டும் இடத்தைப் பங்கிடும் முறை வேறு என்பதே காரணம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். பிறகு முதற்படம், கடைசிப்படம், இடையில் நாலைந்து என்று திறந்து பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் திறந்தால் பாதி சாம்பல் நிறமாய் நிற்கும் படங்கள் உண்டு.

பெயர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காமிரா படத்துக்கு நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்த்துப் பெயர் வைக்கிறது. 9999 வந்ததும் எண் திரும்ப 0001-இலிருந்து தொடங்கும். பழைய 0001 இருக்கும் கோப்புறையிலேயே புதிய 0001-ஐப் போட்டால், ‘பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கட்டுமா?’ என்று கணினி கேட்கும். அவசரத்தில் ஆம் என்றால் பழைய படம் போயிற்று. வேலைக்கொரு கோப்புறை வைப்பவருக்கு இந்தக் கேள்வியே வராது.

தேதி விஷயமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியையும் நேரத்தையும் காமிரா எழுதிவைக்கிறது. ஆனால் அது காமிராவின் கடிகாரம் காட்டும் நேரந்தான். கொள்முதலுக்குச் சென்னைக்கோ திருப்பூருக்கோ போகும் நம்மவர், இங்குள்ள நேரத்தை மாற்றாமலே படமெடுக்கிறார்கள். நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். அங்கே இரவு பத்து மணிக்கு எடுத்த படத்தில் மறுநாள் பன்னிரண்டரை என்று பதிவாகும். தேதியில் தகராறு வந்தால் நம் சாட்சியே நமக்கு எதிராகப் பேசும். பிரயாணத்துக்கு முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளவும். படங்களை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு உள்ளே எழுதியுள்ள இத்தேதியையும் நீக்கிவிடும். வழக்குக்கோ இன்ஷூரன்ஸுக்கோ போகும் படத்தை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள்.

கணினியில் ஒரு பிரதி போதாது. தனி வட்டு ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கத்திலும் வந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. மேசைமேல் கணினியும் மேசைக்குக் கீழே வட்டும் இருந்தால் இரண்டையும் ஒரே தண்ணீர் கொண்டுபோகும். தாத்தா காலத்து அரபுத்தமிழ்க் கடிதங்களையும் நிலப் பத்திரங்களையும் படமெடுத்து வைத்திருப்போர் இதில் சிறிதும் அலட்சியம் காட்டலாகாது. கறையான் அரித்த காகிதத்துக்கு அந்தப் படமே இனி எஞ்சிய பிரதி.

இரண்டு பிரதியும் சரியென்று கண்ட பிறகு கார்டின் தாழை மேலே தள்ளி, காமிராவில் செருகி, காமிராவிலேயே ‘பார்மட்’ செய்யலாம். கணினியில் செய்ய வேண்டாம்.

சில வேளை கார்டைச் செருகியவுடனே கணினி, ‘இதை பார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். தவறிப் படங்கள் அழிந்தே போனாலும், அந்தக் கார்டில் அதன்பின் ஒரு படமும் எடுக்காதிருந்தால், மீட்டுத் தரும் செயலிகள் உண்டு. புதிய படம் பழையதன் இடத்தில் எழுதப்பட்டால் மீட்க வழியில்லை. கார்டை எடுத்து உறையிலிட்டு, மேலே தேதி எழுதி, விஷயம் தெரிந்தவரிடம் கொண்டுபோகவும்.

பழைய பத்திரங்களையும் கணக்கேடுகளையும் நிழல் விழாமல் படமெடுப்பது எப்படி என்பதை இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் எழுதுவோம்.