கடைசிக் குழாய் வரை நல்ல தண்ணீர்: வில்லியனூர், பாகூர் கிராமங்களுக்கு

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் குடிநீர் என்றால் நிலத்தடி நீர்தான். போர்வெல்லில் இருந்து மோட்டார் ஏற்றும் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து தெருக்களுக்கு வருகிறது. ஆழத்து நீரில் கிருமி பெரும்பாலும் இருக்காது. தொட்டியிலும் வால்வு குழியிலும் ஒழுகும் குழாயிலும்தான் அது கெடுகிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. அந்த நிலை நம் ஊருக்கு வராமல் காப்பது அன்றாட ஒழுங்குதான்.

செய்ய வேண்டியவை

● தினமும் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பாருங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. தொட்டியடியில் குளோரின் இருந்து கடைசிக் குழாயில் இல்லையென்றால், அளவு போதவில்லை அல்லது வழியில் எங்கோ அழுக்கு கலக்கிறது.

● பிளீச்சிங் பவுடரை எடைபோட்டுப் போடுங்கள். 25 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் 4 கிராம் கலந்தால், 1,000 லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேரும். 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழையுங்கள். பிறகு வாளி நிறையக் கரைத்து வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். கடைசிக் குழாயில் கிடைக்கும் அளவைப் பார்த்து மறுநாள் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

● தொட்டி மூடிக்கும் ஏணிக்கும் பூட்டுப் போடுங்கள். காற்றுக் குழாய்க்கு வலை கட்டுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தக் கொடுமைக்கு எந்த ஊரும் வழிவிடக் கூடாது.

● மழைக்கு முன்னும் பின்னும் கிருமிப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை ரசாயனப் பரிசோதனை செய்யுங்கள். கடலோரக் கிராமங்களில் உப்பையும் கவனியுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். குளோரின் உப்பை நீக்காது.

● வெள்ளம் வடிந்ததும் போர்வெல், தொட்டி, குழாய் எல்லாவற்றையும் கழுவி, குளோரின் கூட்டிப் போட்டு, அந்த நீரை வெளியேற்றுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் சங்கராபரணி ஆறும் தென்பெண்ணை ஆறும் ஊருக்குள் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

செய்யக்கூடாதவை

● ஒழுகலை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தண்ணீர் ஓடும்போது ஓட்டை வழியே வெளியே கசியும்; நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்கி, சுற்றியுள்ள சாக்கடை நீர் அதே ஓட்டை வழியே உள்ளே போகும்.

● வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அக்கம்பக்கத்துக்குத் தண்ணீர் குறைவதோடு, அழுக்கும் குழாய்க்குள் இழுக்கப்படும்.

● வீட்டு இணைப்புக் குழாயைச் சாக்கடை வாய்க்காலுக்குள் இறக்கிக் கொண்டுபோகாதீர்கள். வால்வு குழியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

● பிளீச்சிங் பவுடர் மூட்டையை வெயிலிலும் ஈரத்திலும் திறந்து போடாதீர்கள். வீரியம் போன பவுடரை எவ்வளவு கொட்டினாலும் கிருமி சாகாது.

● தெளிவாக இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரை நம்பாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் தங்காது. கழுவாத கேனில் பிடித்தால் அதுவும் கெடும்.

● நான்கைந்து வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றால் வெளியே சொல்லத் தயங்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தண்ணீர் விடும் ஊழியருக்கும் சொல்லுங்கள்.

தினசரி குளோரின் அளவைத் தொட்டியடியில் ஒரு கரும்பலகையில் எழுதி வையுங்கள். அளவு குறைந்தால் அதைக் கேட்கும் உரிமை கடைசித் தெருவில் குடம் பிடிப்பவருக்கும் உண்டு. அவர் கேட்டால் கோபப்படாதீர்கள், அன்றைக்கே சரிசெய்யுங்கள்.