வாவிக்கு வந்து சேரும் ஆறு

நுவரெலியாவில் பிறந்து வளர்ந்த நான், கிரகரி வாவி இயற்கையாக அமைந்தது என்றே நெடுநாளாக நினைத்திருந்தேன். புவியியல் ஒப்படை ஒன்றுக்காகத் தேடிப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த இடம் முன்பு சதுப்பு நிலம். 1873 ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பிதுருதாலகாலை மலைப்பக்கமிருந்து வரும் நீரை மறித்து இவ்வாவியை அமைத்தார்கள்.

வெள்ளைக்காரருக்கு நுவரெலியா குளிர்ச்சியான ஓய்விடம். வாவி அவர்களது பொழுதுபோக்குக்கானது. அதே காலத்தில் சுற்றியிருந்த மலைகளில் காடுகள் அழிக்கப்பட்டு, முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராகின. அதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் லயங்களில் குடியிருந்து, மலை ஓடைகளிலிருந்து பீலிக்கு வந்த தண்ணீரில் குடித்தார்கள், குளித்தார்கள், துணி துவைத்தார்கள். ஒருவருக்கு அழகாக இருந்த தண்ணீர் இன்னொருவருக்கு உயிராக இருந்தது.

இன்று வாவிக்கு வரும் ஓடைகள் நகரத்தின் நடுவே ஓடுகின்றன. வழியில் கழிவுநீரும் குப்பையும் சேர்கின்றன. ஏப்ரல் சீசனில் சனம் கூடும்போது குப்பையும் கூடுகிறது. சரிவுகளில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் பயிரிடும் தோட்டங்களிலிருந்து மழை மண்ணை அரித்து வருகிறது. அது படிந்து வாவியின் ஆழம் குறைகிறது. கூடவே வரும் பசளையிலுள்ள நைதரசனும் பொசுபரசும் நீரிலுள்ள பாசிக்கு உணவாகின்றன. பெருகிய பாசி இறந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைகிறது. மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது.

இதைப் படித்ததும் விவசாயிகள்மீது எனக்குக் கோபம் வந்தது. ஆனால், என் வாப்பா மரக்கறி வியாபாரி. எங்கள் வீட்டுச் சோறும் எனது பாடசாலைச் செலவும் அந்தத் தோட்டங்களிலிருந்தே வருகின்றன. வாப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னார்:

"விளைச்சல் குறைஞ்சா கடனைக் கட்ட ஏலாதுன்னு பயந்து கூடுதலாப் போடுறாங்க மகள். மழைக்கு முன்னுக்குப் போட்டா பாதி ஆத்துக்குத்தான் போகும். காசும் அதோட போகுது."

ஆற்றின் நட்டமும் விவசாயியின் நட்டமும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இந்தத் தண்ணீர் வாவியோடு நின்றுவிடுவதில்லை. நானுஓயாவாகத் தேயிலைத் தோட்டங்களிடையே இறங்கி, கொத்மலை ஓயாவில் கலந்து, மகாவலியை அடைகிறது. 1985 இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தில் மின்சாரமாகிறது. பொல்கொல்லையில் மகாவலி நீரின் ஒரு பகுதி வடக்கே திருப்பப்பட்டு, உலர் வலய வயல்களுக்குப் போகிறது. நாம் கானில் எறிவது நாம் அறியாத ஒருவரின் வயல்வரை போகக்கூடும்.

அன்புத் தோழியரே, பெரிய வேலைகளை மாநகரசபையும் அரசாங்கமும்தான் செய்ய வேண்டும். என்றாலும் சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டுவதும், ஓடைக்கரையில் புல் வளர விடுவதும், மழை பார்த்துப் பசளை இடுவதும் நம் குடும்பங்களால் முடிந்தவை. மரக்கறிக் கழிவைக் கானில் கொட்டாமல் உரமாக்குவதை எங்கள் கடையில் தொடங்கிவிட்டோம். பெற்றோரே, உங்கள் வீட்டுக் கான் எந்த ஓடையில் போய் விழுகிறது என்பதை ஒருநாள் பிள்ளைகளோடு நடந்துபோய்ப் பாருங்கள்.