மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் வாயைக் காப்பது எப்படி?



இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்கிறார்கள். ஸ்டெம் செல் சிகிச்சை என்றும் இதைச் சொல்வதுண்டு. நம் நாட்டில் 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இது தொடங்கியது. மணவாள நகரிலிருந்து ரயிலேறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் காட்பாடி. சிகிச்சைக்கு வழி இருக்கிறது. வீடு திரும்பிய பின் கவனிப்பது நம் பொறுப்பு. அதில் முக்கியமானது வாய்.

வாய் ஏன் புண்ணாகிறது?

புது மஜ்ஜையை ஏற்றும் முன் வீரியமான மருந்து கொடுக்கிறார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. களைக்கொல்லி பட்டால் களையோடு இளம்பயிரும் கருகுவதில்லையா? அதுபோல வாயின் உட்தோலும் உரிந்து புண்ணாகிறது. புது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கியதும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் இது ஆறிவிடும். அதுவரை உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு. புண் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

தினமும் செய்ய வேண்டியவை

1. மிக மிருதுவான பிரஷ்ஷால் மெதுவாகப் பல் துலக்கவும். ஈறில் இரத்தம் கசிந்தால் மருத்துவரைக் கேட்டுச் செய்யவும்.

2. கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளித்துத் துப்பவும். விழுங்கக் கூடாது.

3. நன்கு வெந்து ஆறிய குழைந்த சோறு, கஞ்சி, இட்லி கொடுக்கவும். காரம், புளிப்பு, முறுக்கு போன்ற கரகரப்பு வேண்டாம்.

4. காலையும் மாலையும் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன். இதில் கூச்சம் என்ன?

"உப்பு உறைப்பே தெரியல, என்ன சமையல் இது?" என்று மனைவியைக் கோபிக்காதீர்கள். மருந்தால் ருசி மங்கியிருக்கிறது. கொஞ்ச நாளில் திரும்பும்.

செய்யக் கூடாதவை

வேப்பங்குச்சி, கரித்தூள், கிராம்பு எண்ணெய், சாராயம் கலந்த வாய்நீர் வேண்டாம். வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி அறவே கூடாது. சிகிச்சை செய்த மருத்துவரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், நிற்காத இரத்தக் கசிவு இருந்தால், தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாக்கில் வெள்ளைப் படலமோ, உதட்டில் கொப்புளமோ கண்டால் அன்றே காட்டவும்.

மாதங்கள் கழித்து வரும் தொல்லை

பிறர் மஜ்ஜை பெற்றவர்களுக்கு இன்னொன்றும் வரலாம். புது மஜ்ஜையின் அணுக்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமாக எண்ணித் தாக்கும். மூன்று மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் இது தோன்றக்கூடும். கன்னத்தின் உட்புறம் கோலம் போட்டாற்போல் வெள்ளைக் கோடு, வாய் வறட்சி, ரசம் பட்டாலே எரிச்சல், வாயை அகலத் திறக்க முடியாமை ஆகியவை அடையாளம்.

"உடம்புச் சூடு, எண்ணெய் தேச்சுக் குளிச்சா போயிடும்" என்று இருந்துவிடுவதுதான் தவறு. வாய் எரிச்சலோடு தோல், கண், ஈரல், நுரையீரலும் பாதிக்கப்படலாம். இதற்குக் கொப்பளிக்கும் மருந்தும் மாத்திரையும் உண்டு. இத்தகையோருக்குப் பிற்காலத்தில் வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். எனவே இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்டவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைச் சோதித்துக் கொள்ளவும். நன்றாக இருக்கிறதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

பெரும் பணமும் பாடும் பட்டுப் பெற்ற உயிர் இது. தினம் இரண்டு நிமிடம் வாயைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்றே காட்டுங்கள்.